ஆறாவது குறுக்குத் தெருவுக்கு ஒரு பொன்னாடை

...தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, ஒரு காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கண்ணாங்கறானுங்க. கிரவுண்டு கேட்டுக்குள்ள உடாம நிறுத்தி வெச்சுப்போட்டு காப்பி. மரியாதைக்கு ஒரு கொறையுமில்லீங்க. கழுத்தப் புடிச்சுத் தள்ளீருந்தாக்கூட இவ்வளவு கோவம் வந்திருக்காது. தள்ளுனா நாமளும் நாலு வார்த்த பேசிப்போட்டு வரலாம். இப்புடிக் கும்புட்டுக் கும்புட்டு வெளிய நிறுத்துனா என்னன்னுங்க பேசறது?

சித்தெ நவுந்து உக்காருங்க தம்பி. இந்தப் பையி நசுங்கீரும்... இல்லீங்க, நீங்க வாங்க வேண்டாம், மடியிலயே வெச்சுக்கறேன். ராமுலு, தம்பிக்கும் ஒரு டீ போடுங்க. அட குடிங்க. கூட்டாளி வர்ற வரைக்கும் சும்மாதான நிக்கோணும்? கையில ரெண்டு டிக்கெட்ட வெச்சுட்டு ரோட்டையே பாத்துட்டிருக்கறீங்களே, அதான் சொன்னேன். வருவாருங்க. இன்னிக்கு துடியலூர்ல பஸ்சே நகர மாட்டேங்குது. நானே பாதி தூரம் நின்னுட்டுத்தான் வந்தேன், காரமடையிலிருந்து.

என்ற பேரு திருமலைசாமிங்க. தோட்டங்காடு. கறியேப்பல போட்டிருக்கேன். வேட்டியக் கட்டிட்டு, தோள்ல துண்டப் போட்டுட்டு, இவனெங்க கித்தாரு கேக்க வந்தான்னு நெனச்சீங்கல்ல? சிரிக்காதீங்க. நெனச்சீங்க. எல்லாரும் நெனைக்கறதுதான். எதுக்க கிரவுண்டுல டிக்கெட்டு குடுக்கற பொண்ணு போன வருசம் என்னயக் கேட்டுச்சு, மாமா, பந்தல் போட்ட காச வாங்க வந்தீங்களான்னு.

எனக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்னு கேட்டா... அது பெங்களூர்ல ஆரம்பிச்சதுங்க. கறியேப்பல லோடு எறக்கிப்போட்டு லாரிக்காரரு தூங்கீட்டாரு. பக்கத்துல ஒரு மைதானத்துல சத்தம். ஆரோ போர் போடறாங்க, கம்ப்ரசர் ஓடுதுன்னுதான் நான் போனேன். எத்தன அடியில தண்ணின்னு கேக்கலாமுன்னு. போயிப் பாத்தா நாலு பேரு மேடையில நிக்கறாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. பாட்டே இல்லீங்க, வெறும் வாசிப்பு. அதுல ஒல்லியா ஒருத்தரு, டெரன்ஸ்னு பேரு, கண்ண மூடிட்டு கித்தாருல ஒத்தக் கம்பிய இழுக்கறாரு பாருங்க...

எப்புடிச் சொல்றது. மோட்டரப் போட்டதும் மொதல்ல கொழாய்க்குள்ள ஒரு மூச்சு வருமுங்க. தண்ணி வருமா வராதான்னு நாம வாய்க்கா மேட்டுல நின்னு பாத்துட்டே இருப்பம். அப்பிடி இழுத்தாரு. அப்பறம் வந்துச்சுங்க தண்ணி.

சிக்ஸ்த் கிராஸ்னு அவியளுக்குப் பேரு. ஆறாவது குறுக்குத் தெருவுன்னு அர்த்தமாம். கூட்டத்துக்கு வெக்கறதுக்கு வேற பேரா கெடைக்கல? போச்சாது, பேரா வாசிக்குது. அன்னிக்கே கேசட்டு ரெண்டு வாங்கியாந்துட்டேன். ஒண்ணு டிராக்டருக்கு, ஒண்ணு ஊட்டுக்கு. அதுக்கப்பறம் எங்க வாசிச்சாலும் போயிருவேன். கொச்சிக்குப் போனேன். ஊட்டியில மழைக்குள்ளார நனஞ்சுட்டே கேட்டேன். ஊட்டுக்காரி சின்னாத்தாளுக்கு ஆவறதில்லீங்க. பழனிக்கு வாங்கன்னா காலு வலிக்குதுங்கறீங்க, இந்தக் கருமத்துக்குன்னா பகலெல்லாம் நிக்கறீங்களேங்கறா. நாயந்தான். ஆனா பழனியில உக்காந்துக்க எடமிருக்குது, எதுக்கு நிக்கோணும்?

டீ ஆறுதுங்க தம்பி, குடிங்க. அட, என்ற துண்டுலயும் ஊத்திப்போட்டேன். இந்த ராமுலுவப் பாருங்க, கல்லாமேல புதுத் துண்டு ஒண்ணு மடிச்சு வெச்சுட்டு, பழசுலயே கண்ணாடியத் தொடைக்கறாரு.

எங்க உட்டேன்? ஆங், போன வருசம். அந்தச் சிக்ஸ்த் கிராஸ் நம்மூருக்கே வருதுன்னு நோட்டீசு. எனக்கு ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வர்ற மாதிரி இருந்துச்சுங்க. இத்தன நாளா நாம அவியளத் தேடிப் போயிக் கேட்டம், இப்ப அவிய நம்மளத் தேடி வாராங்க. வெறுங்கையோட நிப்பமுங்களா?

நடத்துனது மோகன்குமாருன்னு ஒரு பையன். மில்லுக்காரரு ஊட்டுப் பையன், நல்ல பையந்தான், இப்ப கேட்டுல நின்னு காப்பி குடிக்கச் சொல்றானே, அதே பையன். அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? வாசிக்கறதுக்கு முன்னால தலைமை தாங்கறதுக்குன்னு ஒருத்தரக் கூட்டியாந்து மேடையில உக்கார வெச்சு, அவருக்குப் போத்துனான் பொன்னாடைய. அந்தாளு ரெண்டாவது வாசிப்புலயே காதப் பொத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. போத்துன பொன்னாடையோட. வாசிக்கறவருக்கு? ஒரு கர்சீப்பு இல்லீங்க.

கேட்டேன். மோகன்குமாரு கிட்டப் போயி, ஏங்கண்ணு, டெரன்சுக்கு ஆரு மரியாத பண்றதுன்னு கேட்டேன். அண்ணா, இதுல எல்லாம் அப்பிடிப் பண்றதில்லீங்கண்ணா, கை தட்டுனாப் போதுங்கறான். கை தட்டுனாப் போதுமா? எங்கூரு கோயில் நோம்பிக்கு வந்து பாருங்க. ஜமாப்பு மேளக்காரங்க நல்லா உச்சத்துல அடிச்சுட்டிருப்பாங்க, அப்பத்தான் துண்டோட போவம். அடிச்சு முடிச்சப்பறம் போத்துனா அது என்ன, குளுருக்குப் போத்தற மாதிரியல்ல ஆயிப்போகும்? மேளக்காரரு தலைய மட்டும் குனிவாரு. நாம போத்துவம். ஒரு அடி தப்பாது. இன்னங் கொஞ்சம் ஏறித்தான் அடிப்பாரு.

அதான், அந்த மூச்சு உடற எடம் வந்துச்சுங்க. டெரன்ஸ் கண்ண மூடிட்டாரு. சனம் மொத்தமும் அப்பிடியே நிக்குது. நான் பையில வெச்சிருந்த பொன்னாடைய எடுத்துட்டு மேடையேறிட்டேன்.

பின்ன? வேற ஆரு ஏறுவாங்க?

கண்ண மூடியிருந்தாருங்கல்ல, அதனால தலையக் குனியல. அது அவரு மேல தப்பில்ல, அவியூர்ல ஜமாப்பு இல்ல. நான் எட்டி, இப்பிடித் தோள் மேல போட்டேன். இந்தக் கித்தாரு தலையில முறுக்காணி ஆறு இருக்குதுங்களே, அதுல கம்பியச் சுத்திப்போட்டு மிச்சத்த வெட்டறதில்லயாம். பூனை மீசையாட்டம் நீட்டிட்டு நிக்குது. பொன்னாடைக் குஞ்சம் போயி அதுல மாட்டிக்கிச்சு. அவரு திடுக்குன்னு அக்கட்டால இழுக்கறாரு, நான் எடுத்து உடலாமுன்னு இக்கட்டால இழுக்கறேன். ஒரு கம்பி அந்து அவரு கன்னத்துல அடிச்சுச்சு. ஒயரு என்ற காலச் சுத்தி, பின்னால இருந்த, கித்தாரு சத்தம் வர்ற பெரிய பொட்டி குப்புற உழுந்துச்சு. உழுந்த சத்தத்துக்குச் சனம் கை தட்டுதுங்க. அதுவும் வாசிப்புன்னு நெனச்சுட்டாங்க.

மைக்செட்டு யூனுஸ் ஓடியாந்தாரு, கையில கட்டிங் பிளேயரோட. கம்பியத்தான் வெட்டப்போறாருன்னு பாத்தா, பொன்னாடைய வெட்டிப்போட்டாரு. நடுவுல. ஏனுங்க யூனுஸ்னா, கம்பி வேற கெடைக்காதுங்கறாரு. பொன்னாட மட்டும் கெடைக்குமா?

பொட்டி வேலை செய்யல. அதோட முடிஞ்சுபோச்சு. பாதியில.

இப்பச் சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது? கம்பிய ஒட்ட வெட்டாதது ஆரு? நடக்கற எடத்துல ஒயரப் போட்டது ஆரு? மொதல்லயே நேரமா ஒரு மரியாதய ஒழுங்காப் பண்ணியிருந்தா நான் எதுக்குங்க ஏறுறேன்? ...நீங்களும் போன வருசம் வந்திருந்தீங்களா? அப்ப அங்க இருந்தீங்களா தம்பி? செரி. அப்பப் பாத்திருப்பீங்க. அதான் அப்பப்போ என்னய ஒரு மாதிரி பாக்கறீங்க.

டெரன்ஸ் கன்னத்தத் தொடச்சுட்டாருங்க. பாதிப் பொன்னாட தோள்ல, பாதி கித்தாருல தொங்குது. என்னயப் பாத்தாரு. கோவமாப் பாத்தாரா, இல்ல, வேற என்னமோவான்னு... தோட்டத்துக்குத் தண்ணி கட்டறப்ப எல்லாம் அதே ரோசனதான். நல்லா வாசிச்சீங்கன்னு சொல்லத்தான் போனேன். எனக்கு இங்கிலீசு வராது. அவருக்குத் தமிழ் எவ்வளவு வருமுன்னு தெரியாது. எங்கிட்ட வேற என்ன இருக்குதுங்க சொல்றதுக்கு?

அதனாலதான் இந்தத் தடவ வெவரமா வந்திருக்கேன். பாருங்க, பைய லேசாத் தொறந்து பாருங்க. குஞ்சமே இல்ல. ஓரத்த மடிச்சுத் தெச்சது. ஆர்.எஸ்.புரத்துல கடை கடையா ஏறி எறங்கினேன். கல்யாணத்துக்குங்களா, கட்சிக்குங்களான்னு கேட்டாரு கடைக்காரரு. கித்தாருக்குங்கன்னேன். ஒடனே பில்லப் போட்டுட்டாரு.

டிக்கெட்டா? டிக்கெட்டுத் தர மாட்டேன்னு ஆருங்க சொன்னாங்க? தாரேன்னுதான் சொல்றான் மோகன்குமாரு. அந்தப் பைய மட்டும் வெளிய வெச்சுட்டு வாங்கண்ணா, முன்னால சேரு போட்டு உக்கார வெக்கறேங்கறான். எப்புடிங்க வெக்கறது? அவரு அங்க வாசிக்கறாரு, நான் இங்க பொன்னாடைய பேக்கரியில வெச்சுப்போட்டு வெறுந்தோளுக்குக் கை தட்டிட்டு உக்காந்திருக்கறதா? மதியத்துல இருந்து இதே பேச்சுதான். அவன் உடல, நானும் உடல.

ஆ... ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதுங்களா? இதான், இதேதான், அந்தப் பெங்களூரு வாசிப்பு. உங்க கூட்டாளி இனி வரமாட்டாருங்க, நீங்க போங்க. இருங்க, இந்த எடத்தக் கேட்டுட்டுப் போங்க. இந்தப் பையச் சித்தெ புடிங்க தம்பி, கைய ஆட்டிக் காட்டுனாத்தான் புரியும். இப்பிடி ஒத்த வெரலுல இழுப்பாரு... பேசாதீங்க. கண்ண மூடிட்டுக் கேளுங்க. மூச்சு வருது பாருங்க. இப்ப... இப்ப...

...வந்துச்சுங்களா?

தம்பி?

ஏனுங்க ராமுலு, இங்க உக்காந்திருந்த தம்பி எங்கீங்க? உள்ள போயிட்டாருங்களா? பையோடயா?

இதென்னது, கிளாசுக்கடியில... டிக்கெட்டு. அந்தக் கூட்டாளியோடது.

என்ன சொன்னாரு? முடிஞ்சதும் பையப் பத்திரமா இங்கயே கொண்டாந்து தாரேன்னாருங்களா? அப்பிடியா. அதுவரைக்கும் என்னய உள்ள போயிக் கேக்கச் சொன்னாரா. பாருங்க, இத்தன நேரம் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல அந்தத் தம்பி. எவ்வளவு வெவரம். மோகன்குமாருக்கு மதியத்துல இருந்து முடியாதத ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிச்சுட்டாரு.

செரி, போறனுங்க. போய்க் கேக்கத்தான வந்தது. வாரனுங்க ராமுலு.

...ஏனுங்க ராமுலு. என்ற துண்டப் பாருங்க, டீக்கறை நல்லாத் தெரியுதுங்களா? தெரியுதா. இல்ல, சும்மாதான் கேட்டேன். அந்தக் கல்லாமேல மடிச்சு வெச்சிருக்கறீங்களே, புதுசு. அத ஒருக்கா விரிச்சுக் காட்டுங்க.

குஞ்சம் இல்லீங்கல்ல?