பாண் விலை அறிந்த மாப்பிள்ளை

“முன்னூறு வருசத்துக்கு முந்தி பாரிசிலை பாண் என்ன விலை வித்தது எண்டு தேடுறதுதான் அவரின்ரை உத்தியோகம்.”

லா கூர்னெவில் ரயிலேறி என்னெதிரே அமர்ந்த இரு பெண்களுள் மூத்தவர் இந்த ரொட்டி விலைக் கதையைச் சொன்னதும் நான் நாளிதழை மடித்தேன். தம் மகள் மணக்க விரும்பும் அமெரிக்கரைப் பற்றியே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அதுக்கும் சம்பளம் குடுக்கினமோ அக்கா?” என்றார் இளையவர்.

“ஓம். பொருளாதார வரலாறு படிப்பிக்கிற புரொபசர். முந்தி அமெரிக்காவிலை பாங்கிலை இருந்தவராம். பழைய கணக்குகளிலை ஆசை வந்து, வேலையை விட்டிட்டுத் திரும்பப் படிச்சவர்.”

“பாங்கை விட்டவரோ! நீங்கள் சம்மதிச்சிட்டியளோ?”

“மாட்டன் எண்டுதான் நிண்டனான். போன ஞாயிறு வீட்டை வந்தவரைச் சந்தைக்கு அனுப்பினன். கேட்ட காசைக் குடுத்து, வாடின கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு சந்தோசமா வந்து நிக்கிறார். சிரிச்சுப்போட்டன். இந்தாளை ஆரும் பாத்துக்கொள்ளவேணுமெல்லோ?”

“இப்ப எங்கை போறியள்?”

“லா சப்பலுக்கு, தாலிக்கொடிக்கு ஓடர் குடுக்க. கொடி மாப்பிள்ளை பக்கந்தானே செய்யிறது? அவர் நகைக்கடை வாசலிலை நிக்கிறார்.”

“ஐயோ, அவருக்காக ஆர் விலை பேசுறது?”

“நான்தான். நீயும் வா. ஆனா நான் பொம்பிளையின்ரை தாய் எண்டு கடையிலை சொல்லிப்போடாதை.”