பிள்ளையார் சுழி போட்ட கடிதம்

கடிதம் எழுதுவதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பஞ்சி, சோம்பல். அதிலும் பிரெஞ்சில் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் பார்த்து எழுதினேன்.

பாரிஸ் லா சப்பலில் யேசுரட்ணம் அண்ணைக்குப் புடைவைக் கடை. அவருக்கு விசா இல்லை, எனக்கு இருந்தது. ஆகவே பத்திரமெல்லாம் என் பெயரில். அவரும் மனைவி கலாவதி அக்காவும் கடையின் பின்னறையில் குடியிருந்தார்கள்.

"கடைக்கு முதலாளி கரிகாலன். எனக்கு எடுபிடி," என்று என்னைக் காட்டி வருகிறவர்களிடம் பகிடி விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

2010இல் ஜிஸ்லேன் என்ற மூதாட்டி வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே கடையில் அவருடைய அப்பா தொப்பி விற்றவராம். யூதக் குடும்பம். பக்கத்துக் கடைக்காரன் பொலிசுக்கு மொட்டைக் கடிதம் போட்டான். தகப்பன், தாய், தம்பி, மூவரையும் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. மேல்வீட்டில் விளையாடப் போயிருந்த இவர் மட்டும் மிச்சம். கடை அவன் கைக்குப் போனது.

அந்தக் கடிதத்தின் பிரதி அவரிடம் இருந்தது. அண்ணை இன்னொரு பிரதி எடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். "சனம் பார்க்கட்டும் அவன்ரை வேலையை."

தினமும் பார்த்தது நான்தான். நல்ல கடிதம். ஐந்தே வரி, மரியாதையான பிரெஞ்சு.

அடுத்த வருடம் அண்ணைக்கு விசா கிடைக்கும் போலிருந்தது. கிடைத்தால் கடை அவர் பெயருக்கு மாறும். நான் பழையபடி உணவகத்தில் இரவிரவாகக் கோப்பை கழுவவேண்டும். பெயரையும் திகதியையும் மாற்றினேன். 'யூதர்' இருந்த இடத்தில் 'விசா இல்லாதவர்' என்று போட்டேன். வேறெதையும் மாற்றத் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிறு காலை பொலிஸ் வந்தது. அக்கா தேவாலயத்தில் இருந்தார். அண்ணையை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவரை யாரோ கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. பிறகு கேள்வியும் இல்லை.

பொலிசுக்குப் போன கடிதத்தின் பிரதியை வழக்கறிஞரிடம் வாங்கிக்கொண்டு அக்கா வந்தார். பிரெஞ்சுக் கடிதத்தின் தலையில், நடுவாக, ஒரு 'உ'.

"நாங்கள் வேதக்காரர், இது போடுறேல்லை. பிரெஞ்சுக்காரனும் போடமாட்டான். ஆர் போட்டது தம்பி?"

"பழக்கதோசம் அக்கா."

அக்கா சுவரிலிருந்த சட்டத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிவிட்டுப் போனார்.

நான் கழற்றவில்லை. இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கடைக்காரன் கடவுளை நினைக்காமலே எழுதியிருக்கிறான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.