ரேவதி முடிவதற்குள்

வாடகைக்கு விடுவதற்கென்று முதன்முதலில் வீடு வாங்குகிறவன் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும், ஐயா. சுண்ணாம்புப் பூச்சையும் தேக்குக் கதவையும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் எந்தக் குடித்தனக்காரரும் நிலைக்க மாட்டார். நீங்களும் காரைக்குடிக்கு மாற்றலாகி வந்து வீடு தேடுகிறீர்கள் என்று ஏட்டையா சொன்னார். உதவுமே என்றுதான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் அரிசி மண்டியில் எடை போடுகிறவன். பெயர் கோட்டைச்சாமி என்பது உங்களுக்குத் தெரியும். நாச்சியாபுரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த பூமி இருந்தது. அதைப் போன வருஷம், அறுபத்தெட்டில், விற்றேன். அந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும், உடம்பு தளர்ந்த பிறகு நானும் என் மனைவி புஷ்பவள்ளியும் அதிலேயே போய் இருந்து அதிலேயே சாக வேண்டும் என்பது என் திட்டம். இதில் பேராசை எதுவும் இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

என் அப்பா வாடகை வீட்டில்தான் கடைசியாகப் படுத்தார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அவர் உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். சதய நட்சத்திரம். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி மாட்டுக்கொட்டிலில் வைக்கச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு நினைவு இருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை. வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே இப்போதும் எழுந்து நின்றுவிடுவேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடைப்பு என்பது நீங்கள் அறியாததல்ல. அவிட்டம் முதல் ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உடலை வாசல் வழியே எடுக்க மாட்டார்கள், சுவரை இடித்துத்தான் எடுப்பார்கள். ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போடுவார்கள். பூட்டைத் திறந்த பிறகும் குடிவர ஆள் கிடைக்காது, வாங்கவும் ஆள் வராது. அவர் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

வீடு தேடி நான் நிறைய அலைந்தேன். சாக்கோட்டையில் மலிவாக ஒன்று வந்தது. அங்கே ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்ப் பஸ்ஸிலேயே திரும்புகிறார்கள், யார் குடிவருவார்கள்? திருக்கோஷ்டியூரில் தெப்பத்துக்குக் கூட்டம் வரும்போது திண்டாடி இடம் கேட்பார்கள், தெப்பம் முடிந்தால் தெரு காலி. கல்லூரிப் பக்கம்தான் சரி என்று கண்டேன். வெளியூர் மாதச் சம்பளக்காரர்கள், வீட்டின் பழங்கதை கேட்க மாட்டார்கள், சின்னக் குடும்பம், மாற்றல் வந்தால் சண்டை போடாமல் காலி செய்வார்கள்.

அந்தப் பக்கம் சொக்கு அண்ணன் வீடு விலைக்கு வந்தது. மரக்கடை வைத்திருந்தவர், மண்டிக்கு வந்து போகையில் பழக்கம். அவர் மகள் முத்தழகு மதுரையில் வாழ்க்கைப்பட்டவள், அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போக வந்திருந்தாள். கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தேன். இளநீர்தான். முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். இரண்டு குடித்தனம் வைக்கலாம்.

விலைதான் எட்டவில்லை. கொஞ்சம் இறங்கி வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "தங்கமான வீடு கோட்டை, வெலய மட்டும் கேக்காத" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் காய்ச்சலில் விழுந்தார். மார்ச்சளி கட்டிக்கொண்டது. இனி தேற மாட்டார் என்று தெருவே பேசியது. தினமும் போய்ப் பார்த்தேன். மண்டியில் வேலை முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு போவேன், தலையைத் தூக்கிப் பிடித்து வெந்நீர் கொடுப்பேன். "நீங்க இல்லாட்டி நான் ஒத்தையில என்ன செய்வேன் சித்தப்பா" என்று முத்தழகு அழுதாள்.

அவிட்டம் பிறந்தது. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. போகிற உயிர் இந்த ஐந்து நாளைக்குள் போனால் வீட்டு விலை விழும், எனக்கும் ஒரு வழி பிறக்குமே என்று நினைத்தேன், நினைப்பது குற்றமில்லையே. சதயம் போயிற்று, பூரட்டாதி போயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, சும்மா சும்மா காலண்டரையே பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றாள் புஷ்பவள்ளி. மண்டியில் மழைக்குறி இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. அன்று முதல் அவள் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். நானும் அதைப் பார்த்துப் பயந்தேன்.

ஐந்தாவது நாள் ரேவதி. முற்பகல் நகராட்சிச் சங்கு ஊதும் நேரத்தோடு முடிந்து அசுவினி பிறக்கிறது என்று போட்டிருந்தது. அசுவினிக்கு அடைப்புக் கிடையாது.

முத்தழகு மருந்துக்கடைக்குப் போவதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். கொல்லைக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், தாழ் போடுவதில்லை. சொக்கு அண்ணன் கண் மூடியிருந்தார். தலையணையை எடுத்தபோது விழித்துக்கொண்டார். "வாப்பா" என்றார். அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. அவர் கை என் முழங்கையைப் பிடித்தது, தள்ளுவதற்கா, பற்றிக்கொள்வதற்கா என்று தெரியவில்லை. என் அப்பா பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி இவரும் பார்க்கக் கூடாது என்றுதான் முகம் முழுக்க மூடினேன். நல்ல காரியத்துக்கெல்லாம் நாம் நாள் பார்க்கிறோம். போகிற உயிருக்கு நான் நாள் பார்த்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

சுற்றிக்கொண்டு முன்தெருவுக்கு வந்தேன். சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, திரும்பி வந்த முத்தழகோடு பேசிக்கொண்டே வாசல் வழியாக உள்ளே போனேன். அவள் அலறினாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

முத்தப்பன் சோசியர் வந்தார். இரக்கமுள்ளவர். உயிர் பிரிந்ததை யாரும் பார்க்கவில்லை, உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, சங்குக்குப் பிறகு பிரிந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார். "அசுவினிதான். அடைப்பு இல்ல தாயி. சொவத்த இடிக்க வேண்டாம், வாசல் வழியாவே எடுங்க."

கூடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அத்தனை பயமும் பட்டு, செய்ததையும் செய்துவிட்டு, வீடு பழைய விலையிலேயே நிற்கப் போகிறது.

"இல்ல சோசியரே. சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே உசுரு போயிருச்சு. ரேவதிதான்" என்றேன்.

முத்தழகு அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க சங்குக்குப் பெறகு என்கூடத்தானே உள்ள வந்தீக? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் சித்தப்பா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பிறகு ஆட்கள் கொல்லைப் பக்கம் போனார்கள், அடுத்த தெருக்காரர் யாரோ என்னைப் பார்த்ததாகச் சொன்னார், நீங்கள் வந்தீர்கள். சொக்கு அண்ணனை வாசல் வழியாகவே எடுத்தார்களாம், ஏட்டையா சொன்னார்.

சாகக் கிடந்தவர், இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் தானே போயிருப்பாரே, எதற்கு அவசரப்பட்டாய் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டி வந்தது. ரேவதிக்கு முதல் நாள் சாயங்காலம் நான் போனபோது அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சியைத் தானே வாங்கிக் குடித்தார், தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் கேட்டார். கண்டம் தாண்டியாயிற்று என்று டாக்டர் முத்தழகிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அவிட்டம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், ஐயா. அதற்குள் அவர் எழுந்து நடந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.