ரெண்டாம் பாதி

மிக்கேல்: வெங்காயத்தை அக்கட்ட வெச்சுட்டு என்ற மூஞ்சியப் பாரு, கத்தரீனா. கேக்கறேன்ல?

கத்தரீனாள்: கேக்குதுங்க. உரிக்கறது கைதான, காதில்லையே.

மிக்கேல்: நேத்துக் கோயில்ல அத்தன சனத்துக்கு நடுவுல எதுக்கு வாய மூடிக்கிட்ட?

கத்தரீனாள்: தொண்ட கட்டிருச்சு.

மிக்கேல்: அஞ்சு தடவையுமா? செபமாலையில பரலோக மந்திரம் அஞ்சு தடவ வருது. அஞ்சு தடவையும் ஒரே எடத்துலதான் தொண்ட கட்டுமா? அதுக்கு முந்துன வரி நல்லாச் சொல்ற. பிந்துன வரி நல்லாச் சொல்ற. நடுவுல அந்த ஒண்ணு மட்டும்...

கத்தரீனாள்: எந்த ஒண்ணு?

மிக்கேல்: தெரியாதாக்கும்.

கத்தரீனாள்: நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

மிக்கேல்: நமக்குக் கெடுதல் பண்ணுனவங்கள நாம பொறுத்துக்கறோம்னு வருதில்ல, அந்த வரி.

கத்தரீனாள்: ஓ... அதுங்களா.

மிக்கேல்: அதேதான். எளக்காரமாப் பேசாத. முதப் பாதிய நான் எடுத்துச் சொல்றேன். ரெண்டாம் பாதிக்குப் பொம்பளைங்க பக்கத்துல நீ எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவளுகளுக்கு வாய் தொறக்கும். நீ பாதியில நிறுத்திப்போட்டா முப்பது பேரும் தெகச்சுப் போயி ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறாளுக. டீக்கடைக் காளிச்சாமி கேக்கறான், உன்ற சம்சாரத்துக்கு மந்திரம் மறந்துபோச்சான்னு. நம்ம கோயிலுக்குள்ள காலே வெக்காதவன் அவன்.

கத்தரீனாள்: அவரு காதாச்சும் நல்லாக் கேக்குதே. தவசுகாலம் தொடங்குன விபூதிப் புதனன்னைக்கே நான் நிறுத்திட்டேனுங்க. நாலு வாரமாச்சு. நீங்க நேத்துத்தான் கேட்டீங்களாக்கும்.

மிக்கேல்: நாலு வாரமா? ஊட்டுச் செபத்துலயுமா?

கத்தரீனாள்: ஊட்டுல இருக்கறது நம்ம ரெண்டு பேரு. முதப் பாதி சொல்லி முடிச்சதும் நீங்க கண்ண மூடிக்கறீங்க. நான் என்ன சொல்றேன், எத உடறேன்னு உங்களுக்கு எங்க தெரியுது?

மிக்கேல்: இது பாவம் புள்ளே. நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கச் சாமியாரு வராரு. பாஸ்காத் திருநாளு நெருங்கியாச்சு. அவரு இல்லாத நாளெல்லாம் இந்தக் கோயில்ல செபம் நடத்தறவன் நான். என்ற பொண்டாட்டியே இப்படின்னா ஊருல என்னைய என்ன நெனப்பாங்க?

கத்தரீனாள்: ஊரு நெனப்புத்தானுங்களா உங்களுக்குப் பெருசு?

மிக்கேல்: பேச்ச மாத்தாத. எனக்குத் தெரியும் உன்ற மனசுல இருக்கறது. என்ற அண்ணன் சந்தியாகு மேல கோவம். அவன் அன்னைக்கு வண்டி தரலங்கற கோவம். எனக்கு இல்லாத கோவமா உனக்கு? மதலேனு எனக்கும் மவதான? நான் பொறுக்கலயா?

கத்தரீனாள்: பொறுத்துட்டீங்களா?

மிக்கேல்: பொறுத்துட்டேன்.

கத்தரீனாள்: என்னைக்குங்க?

மிக்கேல்: என்னைக்குன்னா... அதுக்கு நாளு கெழமையெல்லாம் குறிச்சு வெப்பாங்களா?

கத்தரீனாள்: புள்ளைய அடக்கம் பண்ண வந்தவரக் குழியோரத்துலயே மறிச்சு நிறுத்துனீங்க. என்ற புள்ளைக்கு வண்டி தராதவன் கை மண்ணு எனக்கு வேண்டாம்னு சத்தம் போட்டீங்க. மண்ணைக் கையில புடிச்சுட்டு அப்படியே நின்னாரு மனுசன்.

மிக்கேல்: அது அன்னைக்கு வயித்தெரிச்சல்.

கத்தரீனாள்: உங்களுக்கு அன்னைக்கோட போச்சு. அவருக்குப் போகலைங்களே. மூணு வருசத்துக்கு மேலாச்சு. கோயில்ல அவரு முட்டி போட்டா பக்கத்துல ஒருத்தரும் போடறதில்ல. சாகக் கெடந்த தம்பி புள்ளைக்கு வண்டி தராத பாவின்னு அவரு பொண்ணுக்கு வந்த சம்பந்தமும் திரும்பிப் போச்சு. நாளைக்கு விடியால மொத பஸ்ஸுல சட்டி பானையோட காந்தலூருக்குப் போறாங்க. இனி இந்த ஊரே வேண்டாமாம்.

மிக்கேல்: போகட்டுமே. பூண்டுக்காட்டுல கூலிக்கா ஆளு வேண்டாங்கறாங்க?

கத்தரீனாள்: பொறுத்தவரு பேசற பேச்சுங்களா இது?

மிக்கேல்: ஏய்... என்ன உன்ற பேச்சு இன்னைக்கு ஒரு தினுசாப் போகுது?

கத்தரீனாள்: சரி, பேச்சு வேண்டாம். ஒண்ணு பண்ணலாமுங்க. இன்னைக்கு முதப் பாதிய நான் சொல்றேன். ரெண்டாம் பாதிய நீங்க சொல்லுங்க.

மிக்கேல்: என்ன வெளையாட்டு இது?

கத்தரீனாள்: வெளையாடலைங்க. கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம். ஊட்டுலயும் நீங்க முதப் பாதி, கோயில்லயும் முதப் பாதி. அந்த வரி உங்க வாயில வந்து நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

மிக்கேல்: நடத்தறவன் முதப் பாதிதான் சொல்லுவான். எங்கப்பன் காலத்துல இருந்து அதான் மொற.

கத்தரீனாள்: மொற உங்களுக்கு நல்ல தோதாப் போச்சு. எங்க, சொல்லுங்க பாக்கலாம். அந்த ஒரு வரிதான். சர்வேசுரன் கேக்கறாரு, நானும் கேக்கறேன்.

மிக்கேல்: சொல்றதுக்குப் பயந்துக்குவனா? இந்தா... எங்களுக்கு...

கத்தரீனாள்: ம்.

மிக்கேல்: எங்களுக்கு...

கத்தரீனாள்: ம், சொல்லுங்க.

மிக்கேல்: அந்த வெங்காயத்த அக்கட்ட தள்ளு மொதல்ல. கண்ணக் கரிக்குது.

கத்தரீனாள்: கரிக்கட்டும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இன்னொருக்காச் சொல்லுங்க.

மிக்கேல்: எத்தன தடவ சொல்லியாச்சு.

கத்தரீனாள்: கடைசியா ஒருக்காச் சொல்லுங்க. இனிக் கேக்க மாட்டேன்.

மிக்கேல்: என்ன சொல்ல... காலைல புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சுது. இழுப்பு வந்துச்சு. சித்தூரு ஆசுபத்திரிக்குப் போகோணும், பஸ்ஸு போயிருச்சு. பெரியவருகிட்ட வண்டி கேளுங்கன்னு நீ கத்துன. ஓடுனேன். வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அண்ணா, வண்டியப் பூட்டு, புள்ளைக்கு ஆகலைன்னேன். சந்தைக்குப் போகோணும், நீ வேற வண்டி பாத்துக்கன்னுட்டான். அவ்வளவுதான்.

கத்தரீனாள்: சந்தைக்குன்னாருங்களா?

மிக்கேல்: ஆமா.

கத்தரீனாள்: வேலந்தாவளம் சந்தைக்கா?

மிக்கேல்: பின்ன, மாட்டுக்காரன் வேற எந்தச் சந்தைக்குப் போவான்?

கத்தரீனாள்: அப்ப நம்ம செவலைக்கு வாயெல்லாம் புண்ணு. நெனவிருக்குதுங்களா?

மிக்கேல்: இருக்கும். இப்ப எதுக்கு மாட்டு நாயம்?

கத்தரீனாள்: வாயில புண்ணு, கொளம்புல புண்ணு. புல்லு திங்காம ஒழுக விட்டுக்கிட்டு நின்னுது. நம்ம மாடு மட்டுமில்லீங்க, ஊரு பூராக் கோமாரி. நம்ம பக்கமெல்லாம் கேரளம்னு ஆச்சே, அந்த வருசம். கிறிஸ்மசுக்குப் பத்து நாளு இருந்துச்சு.

மிக்கேல்: அதுக்கு?

கத்தரீனாள்: கோமாரி வந்தா சந்தையக் கூட்ட உடுவாங்களா? விபூதிப் புதனன்னைக்குக் கன்னுக்குட்டிக்கு மருந்து ஊத்த மாட்டாசுபத்திரி ஆளு வந்தாரு. கேரளமான வருசத்துக் கோமாரிக்கு ஒரு மாசம் வேலந்தாவளம் சந்தையவே மூடி வெச்சோம், அதாட்டம் மறுபடி வந்துரக் கூடாதுன்னாரு. அவரு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டாரு. புள்ள போன துக்கத்துல அன்னைக்கு எனக்கும் ஊருக்கும் அது ஓசனையிலயே வரல. நான் கட்டுத்தரையிலயே உக்காந்துட்டேன். கன்னுக்குட்டி வந்து என்ற முந்தானையச் சப்பிட்டு இருந்துது, அதக்கூடப் புடுங்கல.

மிக்கேல்: அவன்... வேற ஏதாச்சும் சொல்லிருப்பான். எனக்குச் சரியா நெனவில்ல. அந்த நேரத்துல யாருக்குப் புத்தி நெலையில இருந்துச்சு?

கத்தரீனாள்: வேற என்னங்க சொன்னாரு?

மிக்கேல்: அதான் நெனவில்லன்னு சொல்றேன்ல.

கத்தரீனாள்: இத்தன வருசமா ஊரெல்லாம் சொன்னது நெனவிருக்குது. இப்ப நெனவில்லையா? நீ போனியா இல்லையா? வாசல்ல நின்னு கேட்டியா இல்லையா?

மிக்கேல்: நீங்கற? புருசனப் போயி நீ வா போங்கற?

கத்தரீனாள்: புருசனக் கேக்கல. மதலேனு அப்பனக் கேக்கறேன். சொல்லு.

மிக்கேல்: கேக்கல. போதுமா? கேக்கல. கெணத்துத் தண்ணி மொறைக்குச் சண்ட போட்டு நாலு மாசம் ஆயிருந்துச்சு. செத்தாலும் உன்ற வாசல்ல வந்து நிக்க மாட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிட்டு வந்தவன் நான். அன்னைக்கு வேலி வரைக்கும் போனேன். மாடு ரெண்டும் கட்டுத்தரையில நிக்குது. வண்டியும் நிக்குது. கூப்பிட வாய் வரல. கருப்புசாமிகிட்ட வண்டி இருக்குதுன்னு ரெண்டு மைல் ஓடுனேன். அவன் வண்டி கரும்பு ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. நான் திரும்பி வர்றதுக்குள்ள...

கத்தரீனாள்: நீங்க திரும்பி வர்றதுக்குள்ள என்ற மடியிலயே சில்லிட்டுப் போச்சு.

மிக்கேல்: நீ வாசப்படியில புள்ளைய வெச்சுக்கிட்டு, வண்டி எங்கன்னு கேட்ட. என்ற வாயில அதான் வந்துச்சு. அண்ணன் தரலைன்னு. வந்ததத் திருப்பி முழுங்க முடியல கத்தரீனா. அப்பறம் ஊரு கேட்டுச்சு, சாமியாரு கேட்டாரு... ஒவ்வொருத்தருக்கும் சொல்லச் சொல்ல அது நெசமாட்டமே ஆயிருச்சு.

கத்தரீனாள்: எனக்கும் நெசம்தாங்க. வழியில அவரக் கண்டா காறித் துப்புனேன். அவரு சம்சாரம் சவரியாயி அக்கா தண்ணிக்கு வந்தா கொடத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துருவேன். உங்கூடு வெளங்காதுன்னு வாய் உட்டுச் சொன்னேன் அந்த அக்காவ. மூணு வருசம் அந்த வரியச் சொல்லிச் சொல்லி, மனசு ஒப்பாமயே சொல்லிச் சொல்லி, இந்தக் கிறிஸ்மசுக்குத்தான் ஒருவழியா அவரப் பொறுத்தேன். பாத்தா, பொறுக்கறதுக்கு அவருகிட்ட ஒண்ணுமே இல்ல.

மிக்கேல்: அப்ப அந்த வரி...

கத்தரீனாள்: உங்களாலதான் வாய் வரல. உங்களப் பொறுக்க என்னால முடியலைங்க. ஒரே ஊட்டுல சோறு ஆக்கிப் போடறேன், முடியுது. பக்கத்துல முட்டி போடறேன், முடியுது. பொறுத்துட்டேன்னு சர்வேசுரன்கிட்டப் பொய் சொல்ல மட்டும் முடியல. அந்தப் பொய்யச் சொல்றதுக்கு வாய மூடிக்கறதே மேல்னு இருக்கறேன்.

மிக்கேல்: நாலு வாரமா இத மனசுல வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்ட?

கத்தரீனாள்: நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். தவசுகாலமாச்சே, மனசு எளகும்னு பாத்தேன். நீங்க என்னைய அதட்ட வந்தீங்க.

மிக்கேல்: அவனுக்கு மட்டும் வாய் இல்லையா? தம்பி என்ற வாசலுக்கே வரலைன்னு ஊரக் கூட்டி ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுதே. எதுக்குச் சும்மா இருந்தான்? சொல்லு. அவனும் வீம்பு புடிச்சவன்தான.

கத்தரீனாள்: அதத்தான் முந்தாநேத்துப் போயிக் கேட்டேன்.

மிக்கேல்: யாருகிட்ட? அண்ணன்கிட்டயா?

கத்தரீனாள்: சாமான் கட்டிக்கிட்டு இருந்தாரு. நான் படி ஏறவும் கயித்தக் கீழ போட்டுட்டு எந்திரிச்சாரு. என்ற ஊட்டுக்காரரு அன்னைக்கு வந்து உங்ககிட்ட வண்டி கேட்டாருங்களான்னேன்.

மிக்கேல்: என்ன சொன்னான்?

கத்தரீனாள்: கீழ போட்ட கயித்தக் குனிஞ்சு எடுத்தாரு.

மிக்கேல்: என்ன சொன்னான், சொல்லு.

கத்தரீனாள்: கேட்டாம்மா, நான்தான் சந்தைக்குப் போகோணும்னு தரல, அப்படின்னாரு. கூடாத சந்தைங்க. நீங்க கட்டுன அதே கதைய அவரும் சொல்றாரு. உள்ளாற அக்கா ஓன்னு அழுதுது. அத ஒரு அதட்டு அதட்டிட்டு, நீ ஊட்டுக்குப் போம்மா, புள்ளையும் போச்சு, அவனுக்கு இனி நீ ஒருத்திதான் மிச்சம்னாரு.

மிக்கேல்: அண்ணன்... அப்படியா சொன்னான்?

கத்தரீனாள்: நான் உங்கள உட்டுட்டுப் போயிருவேன்னு பயந்து மூணு வருசமா அந்தப் பழியச் சொமக்கறாரு. நீங்க அவரு கை மண்ணக்கூட வேண்டாம்னீங்க.

மிக்கேல்: போதும்.

கத்தரீனாள்: போதாதுங்க. அவரு நாளைக்குப் போயிருவாரு. அதுக்கப்பறம் நீங்க சாமியாரு காதுல சொன்னா சர்வேசுரன் உங்களப் பொறுத்துக்குவாரு. ஊரு அவரப் பொறுக்காது.

மிக்கேல்: போதும்னு சொன்னேன்... அது என்ன, கோயில் மணியா?

கத்தரீனாள்: ஆமா. செபத்துக்கு நேரமாச்சு. சனம் கெளம்பியிருக்கும்.

மிக்கேல்: என்ற துண்ட எடு.

கத்தரீனாள்: இன்னைக்கும் முதப் பாதி நீங்கதானா?

மிக்கேல்: துண்ட எடுன்னேன்.

கத்தரீனாள்: இந்தாங்க. சொல்லிப்போட்டேன், நான் இன்னும் பொறுக்கல.

மிக்கேல்: பொறுக்க வேண்டாம்.

கத்தரீனாள்: ஏனுங்க... அந்தப் பக்கம் எங்க போறீங்க? கோயில் இந்தப் பக்கம்.

மிக்கேல்: அண்ணன் ஊட்டுக்கு. சனமெல்லாம் அந்த வாசல் வழியாத்தான கோயிலுக்கு வரும். அத்தன பேரும் கேக்கறாப்புல வாசல்ல நின்னு கூப்பிடப் போறேன். அண்ணா, வண்டி வேணும்னு.

கத்தரீனாள்: அவருதான் வண்டியையும் மாட்டையும் போன சந்தையிலயே வித்துட்டாருங்களே.

மிக்கேல்: தெரியும் புள்ளே. அன்னைக்கு நான் வண்டி கேக்கவே இல்லைன்னு சொல்றதுக்கு, மொதல்ல கேக்கோணுமில்ல.