ஃபோர்க்கில் கட்டிய பட்டு நூல்

"பட்டு நூல் கட்டாம இருந்திருந்தா என் தம்பி விழுந்திருக்க மாட்டான்" என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர். ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்து கண்ணமங்கலத்தில் நின்றிருந்தது. அவர் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கேரியர். அவர் பக்கத்தில் இருந்தவர், விழுந்த பைக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஆயில் எங்கேந்து வருதுன்னு நீ பாக்கலியா?"

"பொடவை மூட்டையில பட்டுடப் போகுதுன்னுதான் எனக்கு பயம். தறியில மிஞ்சின கழிவு நூல, முன் சக்கரத்த தாங்குற ஃபோர்க்க சுத்திக் கட்டிட்டேன். அப்புறம் ஒரு சொட்டு வெளிய தெரியல. சரியாயிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்."

"வண்டிக்குப் பட்டு கட்டி அழகு பாத்தவன் நீ ஒருத்தன்தான்பா."

கேரியர்க்காரர் சிரிக்கவில்லை. மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா தொடைச்சிட்டு, முன் பிரேக்க புடிச்சிகினு ஹேண்டில நாலு வாட்டி அமுக்கியிருந்தா, ஃபோர்க்குல ஆயில தடுக்குற சீல் போயிருக்குன்னு தெரிஞ்சிருக்கும். நூல் ஊறிப்போயி, ஆயில் கீழ பிரேக் டிஸ்க்ல எறங்கிடுச்சி. அப்புறம் பிரேக் எங்க புடிக்கும்?"

"அவன் லேட்டா பிரேக் புடிச்சதாலதான் விழுந்தேன்னு நெனச்சிகினு இருக்கான். கால்ல கம்பி வெச்சிகினு, 'உன் வண்டிய ஒடைச்சிட்டேனே அண்ணா'ன்னு நேத்து அழுவுறான்."

"நெசத்த சொல்லிடேன். என்னா, திட்டுவான்."

"திட்டினா தாங்கிக்குவேன்."

பேருந்து கிளம்பியது. கேரியர் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவன் திட்ட மாட்டான். 'பரவால்ல வுடுண்ணா'ன்னுடுவான்."