வாசலில் மீன்தொட்டி

மீன் வளர்ப்பவர்கள் செய்கிற பெரிய தவறு, அளவுக்கு மீறித் தீனி போடுவது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்ததும் பசிக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். என் தொட்டியில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

விசாரிக்க வந்த நீங்கள் எங்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசுகிற இடம். பூசியபின் கழுவுகிற தண்ணீரில் உலோகமும் அமிலமும் கலந்திருக்கும். அதைச் சுத்திகரித்து வாய்க்காலில் விடுவது என் பிரிவின் வேலை. வாய்க்கால் கரையோடு கொஞ்சம் நடந்தால் ஒரு குடியிருப்பு வரும். நடுவில் பொதுக்கிணறு. வாய்க்காலில் ஓடுவதுதான் அந்தக் கிணற்றில் ஊறுகிறது. என் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

கேட் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைக்கும் யோசனை மேனேஜருடையது. வெளியேறும் தண்ணீரில் ஒரு கிளைக்குழாய் அந்தத் தொட்டிக்குள் விழும். அதில் தங்கமீன்கள். இந்தத் தண்ணீரில்தான் இவை வாழ்கின்றன என்று ஒரு பலகை. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. வாட்ச்மேன் தினமும் சீண்டுவார். "மேடம், உங்க பிள்ளைங்க எல்லாம் சாப்டாச்சு. நான்தான் இன்னும் டீ கூட குடிக்கல."

குடியிருப்புப் பெண்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அதுவே அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. காலையில் முதலில் இந்தப் பக்கம் வருகிறவள் தொட்டியை எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பி, கரையில் நிற்பவளுக்குக் கையை அலை மாதிரி அசைத்துக் காட்டுவாள். நீந்துகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கிணற்றில் வாளி இறங்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கை அசைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். என் வேலையை இவ்வளவு நம்பியவர்கள் வேறு யாருமில்லை.

பிறகு உலோகத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் பழுதாயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "புது பார்ட்டுக்கு ஆர்டர் போட்டாச்சும்மா. அதுவரைக்கும் லைனை நிறுத்த முடியாது. எப்படியாவது சமாளிங்க."

மீன்கள் ஒரு காலையில் மொத்தமாக மல்லாந்து கிடந்தன. நான் வருவதற்குள் குடியிருப்புப் பெண்ணொருத்தி பார்த்துவிட்டாள். கரையில் கை அசையவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் நெடுஞ்சாலைப் பக்கத்துக் குழாயிலிருந்து குடம் சுமந்தார்கள். அக்கா போனில் புலம்பினாள். "உன் மீனுங்க மண்டையைப் போட்டாலும் போட்டுச்சு, என் இடுப்பு ஒடியுதுடி. சீக்கிரம் வேற வாங்கி விடு."

வாங்கி விட்டேன். அவையும் செத்தன. எப்படிச் சாகும் என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் மேலே வந்து காற்றைக் கடிக்கும். செவுள் வெளுத்துவிடும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, நேராக நிற்கப் பார்த்து, மறுபடியும் சாயும். ஒன்றைக் கையில் எடுத்தபோது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் உயிர் கண்ணெதிரில் துடிப்பதை என்னால் தாங்க முடியாது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான்.

அதனால் தொட்டிக்கு வரும் கிளைக்குழாயின் வால்வை மூடினேன். மேனேஜர் சொல்லிச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் சமாளிக்கச் சொன்னார், அவ்வளவுதான். மூடியது என் கை. ஆபீஸ் குடிநீரை டிரம்மில் பிடித்து, குளோரின் வாடை போகும்வரை வைத்திருந்து தொட்டியில் ஊற்றினேன். மேலிருந்து தண்ணீர் விழும் குழாய் காய்ந்து கிடந்தால் சந்தேகம் வருமென்று, சின்ன மோட்டார் ஒன்றை மறைத்து வைத்துத் தொட்டித் தண்ணீரையே சுற்ற விட்டேன். பார்ப்பதற்கு முன்னைவிட அழகாக இருந்தது. மீன்கள் கொழுத்தன, குஞ்சும் பொரித்தன. கரையில் கை அசைந்தது.

நீங்கள் அந்த வால்வைத் திருகிப் பார்த்தீர்களாம், துருப்பிடித்து இறுகியிருந்ததாம். இருக்கும். அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. புது பார்ட் எப்போதோ வந்துவிட்டது. மீன்கள்தான் நன்றாக இருக்கின்றனவே என்று யாருக்கும் அவசரம் தோன்றவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். எனக்கும்தான் தோன்றவில்லை. இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது? தினமும் காலையில் தொட்டி முன்னால் நிற்பேன். மீன்கள் நீந்தும். மனசு லேசாகிவிடும். சுத்தமான தண்ணீர் என்று எனக்கே தோன்றும்.

அக்கா மகளுக்கு முகம் வீங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. குட்டி என்று கூப்பிடுவோம். எனக்குக் குழந்தை இல்லை. அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நான். பள்ளி விடுமுறையெல்லாம் என்னோடுதான் கழிப்பாள். காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருக்கும், நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள் என்றாள் அக்கா. சிறுநீரகம் பழுதாகிறது, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாராம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் கேட்டுக்கு வந்தாள். தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுங்க நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான்க்கா இருக்கு."

"அப்ப தண்ணியால இருக்காது. இல்ல?"

"சில உடம்புக்கு அப்படி ஆகும்க்கா. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இப்போது குட்டி ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் உதவியோடு இருக்கிறாள். அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தாள். சோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுடையதும் அதே நிலையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரே கிணறு, வேறெப்படி இருக்கும்? என்னுடையது நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான். கேட்டால் கொடுப்பேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அது நான் செய்த நல்ல காரியம்.

குட்டி ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்பு, அக்கா வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். வேறு சில வீடுகளிலும் முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தெருவின் தையல்காரிக்கு வாய் நீளம்.

"மீனு கதையெல்லாம் வேணாம் மேடம். எங்க கிணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க. நாங்க வாயை மூடிக்கிட்டுப் போயிடுறோம்."

"யார்கிட்ட என்ன பேசுற?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ என் கூடப்பிறந்தவ. என் வீட்டுக்கு வந்துட்டுத் தண்ணி குடிக்காம போவாளா? குட்டி, சித்திக்குத் தண்ணி கொண்டா."

குட்டி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். "சிந்தாம கொண்டு வந்துட்டேன் சித்தி," என்றாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தையல்காரி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். விளிம்பின் குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு டம்ளரை இறக்கிக் குட்டியை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"நான் குடிச்சா நடிக்கிறேன்னு சொல்வீங்க. இவ என் உயிர். இவளுக்கு என் கையாலயே குடுக்கிறேன். அப்ப நம்புவீங்கல்ல?"

குட்டி கடகடவென்று குடித்தாள். டம்ளரைக் கடைசிவரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மோவாயில் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். தையல்காரி எழுந்து வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் எல்லா வீட்டு வாளியும் கிணற்றில் இறங்கியது.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அப்போது தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பிரித்தெடுக்கும் இயந்திரம் ஓடவில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியானால் நீங்களே ஏன் குடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு அன்று தாகமாக இல்லை.