சூப்பிலேயே செத்துப்போன கர்னல்

ஹெஸ்டர்: செத்தவன் எழுந்து சமையலறைக்கு வரக்கூடாது, லயனல்.

லயனல்: சூப்புத் தட்டை யாராவது எடுத்துட்டு வரணுமில்ல.

ஹெஸ்டர்: அதைப் பிணமா எடுத்துட்டு வரும்? அவ்வளவு தத்ரூபமா விழுந்தே. நார்மன் பெண்டாட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டே நிமிஷத்துல எழுந்து தட்டு அடுக்கறே.

லயனல்: பெரிலுக்கு எப்பவுமே நெஞ்சு படபடப்புதான். மீசை மேசை விரிப்புல ஒட்டிக்கிச்சு, அதையும் பிச்சு எடுத்துட்டு வந்துட்டேன்.

ஹெஸ்டர்: கதவைச் சாத்து. தட்டு நீட்டற அந்தச் சுவர் ஜன்னலையும் இழுத்து விடு. நான் இங்க பெருமூச்சு விட்டாக்கூட அது வழியா சாப்பாட்டு மேசைக்குப் போயிடும்.

லயனல்: விடு, வெறும் கொலை-விருந்து விளையாட்டுதானே.

ஹெஸ்டர்: வெறும் விளையாட்டா? மூணு வாரம்... மூணு வாரமா அழைப்பு எழுதி, யாருக்கு எந்த வேஷம்னு யோசிச்சு, திரைச்சீலைக் குஞ்சத்தை வெட்டி எனக்குச் சீமாட்டி உடுப்பு தச்சு... நார்மன் நாடகக்காரங்ககிட்ட வாடகைக்குக் கோட்டு எடுத்துட்டு வந்திருக்கான். சூப்புல கொலை நடக்கணும், ஆட்டுக்கறிக்கு விசாரணை, கடைசி இனிப்பா நெல்லிக்காய்க் கூழ் வரும்போதுதான் கொலைகாரன் யாருன்னு தெரியணும். இப்ப மணி ஏழரை. வெளியில கோடை வெயில்கூட இறங்கலை. கொலைகாரி பிடிபட்டாச்சு.

லயனல்: பிடிபடலை. தானாவே ஒப்புக்கிட்டாங்க.

ஹெஸ்டர்: அதைத்தான் நானும் சொல்றேன். நார்மன் என்ன பெரிசாக் கேட்டுட்டான்? கர்னல் விழுந்தப்ப உங்க கை எங்க இருந்துச்சுன்னு கேட்டான். ஈனிட் கரண்டியைக் கீழ வச்சுட்டு, வாயைத் துடைச்சுட்டு, நான்தான் விஷம் வச்சேன், சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு, எல்லாரும் மன்னிச்சுக்கணும்னு... இதுக்கப்புறம் நான் எதை விசாரிக்க? உருளைக்கிழங்கையா?

லயனல்: நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினவங்க. பொய் சொல்லுன்னா எப்படிச் சொல்வாங்க?

ஹெஸ்டர்: எனக்கே பாடம் சொன்னவங்கதானே, எனக்குத் தெரியாதா? அதனாலதான் அவங்களைப் பிணமாக்கினேன். அவங்க தட்டுக்குக் கீழ பிணச்சீட்டு. உன் தட்டுக்குக் கீழ கொலைகாரச் சீட்டு. ரெண்டையும் என் கையால மடிச்சு வச்சேன். அப்புறம் எப்படி நீ செத்தே, அவங்க கொன்னாங்க?

லயனல்: காத்துல நகர்ந்திருக்கும்.

ஹெஸ்டர்: காத்துல. பீங்கான் தட்டுக்குக் கீழ இருந்தது. ஜன்னல் சாத்தியிருக்கறப்ப.

லயனல்: பார், தப்பை எல்லாம் என் தலையில கட்டாதே. நீ மட்டும் விதிப்படியா நடத்தறே? மெழுகுவத்தி வெளிச்சத்துல விளையாடணும்னு விளையாட்டுப் பெட்டி மேலயே போட்டிருக்கு. நீ பெரிய விளக்கு ரெண்டையும் போட்டு வச்சிருக்கே. பல் பிடுங்குற இடம் மாதிரி இருக்கு.

ஹெஸ்டர்: மெழுகு விரிப்புல கொட்டும்.

லயனல்: பாவம் நார்மன், ஆசையா ஒரு ஒட்டுத் தாடி மாட்டிக்கிட்டு வந்தான். வாசல்லயே பிடுங்கி வச்சுட்டே.

ஹெஸ்டர்: சூப்புல விழும். விளையாட்டோட வந்த ஒலிநாடாவை நீ எப்படி வச்சே, அதைச் சொல்லு. இன்ஸ்பெக்டர் பேசுறாரா, யுத்தம் அறிவிக்கறாரான்னு தெரியலை. பக்கத்து வீட்டு நாய் குலைக்குது. பெரில் மடியில பாதி சூப்பு.

லயனல்: பழைய ஒலிநாடா. சத்தமா வச்சாத்தான் தெளிவா இருக்கும். என்ன, அப்படிப் பார்க்கறே?

ஹெஸ்டர்: ஒண்ணுமில்ல. நகரு, அடுப்புல இருந்து கறியை எடுக்கணும்... நார்மன் இனிப்பு வந்ததும் கேட்பான், தெரியுமில்ல? ...லயனல்?

லயனல்: ம்?

ஹெஸ்டர்: இரு, இந்தப் பக்கம் வர்றேன். இனிப்பு வந்ததும் நார்மன் கேட்பான்னு சொன்னேன். கோயிலோட நூற்றைம்பதாவது வருஷ விழாவுக்குப் பாடகர் குழுவை நடத்தறது நீதானேன்னு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் போதகர்கிட்ட பேர் கொடுக்கணுமாம்.

லயனல்: கேட்டா சொல்றேன்.

ஹெஸ்டர்: என்ன சொல்வே?

லயனல்: கேட்கட்டும், சொல்றேன்.

ஹெஸ்டர்: மூணு வாரமா இதே பதில். சுவத்துல முட்டிக்கலாம்னு வருது எனக்கு.

லயனல்: பிணத்துக்கிட்ட யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, ஹெஸ்டர்.

ஹெஸ்டர்: ...அப்ப காத்துல நகரலை.

லயனல்: யாரோ கதவைத் தட்டுறாங்க, பார், கைப்பிடி அசையுது.

ஈனிட்: நான்தான். உள்ள வரலாமா? ரொட்டிக் கூடையைக் கொண்டு வந்தேன். அதோட... ஹெஸ்டர், உன் விருந்தைக் கெடுத்துட்டேன்.

ஹெஸ்டர்: அதெல்லாம் ஒண்ணுமில்ல, மிஸ் ஈனிட்.

ஈனிட்: இருக்கு. உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. நான் முயற்சி பண்ணேன். சீட்டைப் படிச்சதும், பொய்யாவே இருந்தாலும் ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். ஆனா நார்மன் அப்படி நேரா என் கண்ணைப் பார்த்துக் கேட்டதும்... காலையில நற்கருணை எடுக்கணுமே.

ஹெஸ்டர்: விளையாட்டுல சொல்ற பொய் கணக்குல வராது.

ஈனிட்: அதை யார் முடிவு பண்றது?

ஹெஸ்டர்: ஒலிநாடா சிக்கிக்கிச்சுன்னு சொல்லிட்டு, புதுசா சீட்டுப் போட்டு முதல்லருந்து ஆரம்பிக்கலாம். நீங்க பிணமா இருப்பீங்களா?

ஈனிட்: ஒலிநாடா சிக்கலையே.

ஹெஸ்டர்: ...சரி. சமையற்காரிக்கு, அதாவது எனக்கு, பைத்தியம் பிடிச்சுடுச்சு, அதனால முதல்லருந்து ஆரம்பிக்கறோம்னு சொல்றேன். அது நிஜம்தான். பிணமா இருப்பீங்களா?

ஈனிட்: கண்ணை மூடிக்கிட்டு நாற்காலியில உட்கார்றதுதானே? சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் செய்யறதுதான். சந்தோஷமா இருப்பேன்.

லயனல்: மிஸ் ஈனிட், ஒரு நிமிஷம். கதவைத் திறக்காதீங்க.

ஈனிட்: சொல்லுங்க, லயனல்.

லயனல்: நான் ஒண்ணு கேட்பேன். இந்த வீட்டுல, ஏன், இந்த ஊர்லயே, கேட்டா உள்ளதைச் சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான்.

ஹெஸ்டர்: லயனல், ஆட்டுக்கறி ஆறுது.

லயனல்: ஆறட்டும். வியாழக்கிழமை பயிற்சியில நீங்க இரண்டாவது வரிசையில நின்னீங்க. நான் எப்படி நடத்தினேன்?

ஈனிட்: இதைக் கேட்காம இருந்திருக்கலாம்.

லயனல்: கேட்டுட்டேன்.

ஈனிட்: வேதத்துச் சங்கீதம் ஒண்ணை நாங்க பாடினோம். நடுவுல பெரிலுக்குச் சுருதி விலகிடுச்சு. நார்மன் கையைத் தூக்கினான், எல்லாரும் நிறுத்திட்டோம். நீங்க பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. உங்க கை நிக்கலை. ஒரு முழு வரி... அவ்வளவு அழகா வீசினீங்க, மெதுவா ஏத்தி, கடைசிச் சொல்லுல இறக்கி. கோயில்ல ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் நீங்க நிமிர்ந்தீங்க. நாங்க அவசரமா அடுத்த வரியிலருந்து சேர்ந்துக்கிட்டோம்.

லயனல்: யாரும் ஒண்ணும் சொல்லலையே.

ஈனிட்: என்னை யாரும் கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்... நான் போய்ச் சாகறேன், ஹெஸ்டர். எந்த நாற்காலி?

ஹெஸ்டர்: கணப்புப் பக்கம் இருக்கறது. மெத்தை வச்சிருக்கேன். போயிட்டாங்க. நீ உட்கார், லயனல். இப்படித் திரும்பி உட்கார்.

லயனல்: அந்த வரி எனக்கு நல்லா கேட்டுச்சு, ஹெஸ்டர். அதுதான் கொடுமை. முப்பது வருஷமாப் பாடின பாட்டு எல்லாம் தலைக்குள்ள அப்படியே இருக்கு, ஒரு சுருதி பிசகலை. நான் அதை நடத்திக்கிட்டு இருக்கேன். எதிர்ல நிக்கிறவங்க பாடுறதை இல்ல. அவங்க வாய் அசையுது. பாடுறாங்கன்னு வாயைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.

ஹெஸ்டர்: ம்.

லயனல்: இடது காது முதல்ல போச்சு. அப்புறம் வலதுலயும் மேல் சுருதி எல்லாம் போயிடுச்சு. பறவைச் சத்தம் போச்சு, பெண்கள் குரல் போச்சு. ஆர்கன் மட்டும் தரைப் பலகை வழியா காலுக்கு வருது. ஒருத்தர் எதிர்ல நின்னு பேசினா சமாளிச்சுடுவேன். ஒரு மேசையில நாலு பேர் சேர்ந்து பேசினா... கடல் மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். கொலைகாரச் சீட்டைப் பார்த்ததும் வேர்த்துடுச்சு. நாலு பக்கமும் கேள்வி வரும், எது யார்கிட்ட இருந்து வந்ததுன்னு தெரியாம முழிப்பேன். நீ சூப்பு எடுக்க உள்ள போன நேரத்துல எழுந்து மாத்திட்டேன். பிணத்துக்குக் காது வேண்டாமே.

ஹெஸ்டர்: தட்டைத் தூக்கி மாத்தினியா? யாரும் பார்க்கலையா?

லயனல்: நார்மன் பார்த்தான். கண்டுக்காத மாதிரி உப்பைத் தேடினான்.

ஹெஸ்டர்: உப்பு அவன் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு.

லயனல்: அவனுக்கும் தெரியும்ங்கறியா?

ஹெஸ்டர்: வியாழக்கிழமை அவனும்தானே கோயில்ல நின்னான். உங்க எல்லாரையும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. ஒருத்தர் மனசு நோகக்கூடாதுன்னு ஊர் முழுக்க உப்பைத் தேடிக்கிட்டு இருக்கு.

லயனல்: நீ ஆச்சரியப்படவே இல்லையே.

ஹெஸ்டர்: குழம்பு கட்டி தட்டிக்கிட்டு இருக்கு. ஆச்சரியப்பட நேரம் இல்ல. நார்மன்கிட்ட என்ன சொல்லப்போறே? கேட்கட்டும் சொல்றேன்னு மறுபடி சொன்னியானா இந்தக் கரண்டி உன் தலையில இறங்கும்.

லயனல்: கேட்கறவரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஆட்டுக்கறியை அறுக்கும்போதே நானே சொல்லிடறேன். குழுவை பெரில் நடத்தட்டும். அவளுக்குச் சுருதி விலகும், ஆனா விலகினது அவளுக்குக் கேட்கும். எந்தப் பாட்டு, எந்த வரிசை, எங்க மூச்சு எடுக்கணும்... அதை நான் எழுதிக் கொடுக்கறேன். அது தலைக்குள்ளதான் இருக்கு, அதை யாரும் எடுக்க முடியாது.

ஹெஸ்டர்: காரணத்தையும் சொல்வியா?

லயனல்: சொல்றேன். ஈனிட் அங்க பிணமா இருந்தாலும் கண்ணைத் திறந்து பார்ப்பாங்க. பொய் சொல்ல முடியாது.

ஹெஸ்டர்: நல்லது. மீசையை ஒட்டு. மேல ஒட்டு, மூக்குக்குள்ள போகுது... இந்தா, புதுச் சீட்டு. இதை யார்கிட்டயும் மாத்தாதே.

லயனல்: இது... மறுபடியும் கொலைகாரனா? குலுக்கிப் போடலையா?

ஹெஸ்டர்: நான்தானே விருந்து கொடுக்கறேன். என் இஷ்டம்.

லயனல்: இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா? பிணச்சீட்டை எனக்கே தந்திருக்கலாமில்ல? ஓரமா கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்திருப்பேன். ஏன் என்னையே கொலைகாரனாக்கறே?

ஹெஸ்டர்: பிணத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, லயனல். ஓரமா விட்டுட்டுத் தங்களுக்குள்ள பேசிக்குவாங்க. யார் மேல சந்தேகமோ அவனைத்தான் எல்லாரும் நேரா முகத்தைப் பார்த்து, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா, வாய் அசையறது தெரியற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்பாங்க. ஈஸ்டர்லருந்து அப்படி ஒரு விளையாட்டைத்தான் கடை கடையாத் தேடிக்கிட்டு இருந்தேன். நார்மனோட தாடியை வேற எதுக்குப் பிடுங்கினேன்னு நினைச்சே?